டேப்பக்கா அளக்காத கால்

ஆஸ்பத்திரியில் கழுத்தைச் சுற்றி எதையாவது தொங்கவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தால் போதும், மரியாதை தானாக வந்துவிடும். டாக்டர்களுக்கு ஸ்டெதஸ்கோப். டேப்பக்காவுக்கு இஞ்சு டேப். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர், முனைத் தகடு என்றோ கழன்று போன மஞ்சள் டேப். பார்வையாளர் நேரத்தில் யாராவது பதறி எழுந்து, "எங்கப்பாவுக்கு எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேட்டால், அவள் நின்று நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவரு நல்லா இருக்காரு. கவுன்லதான் ரெண்டு முடிச்சைக் காணோம்" என்பாள்.

கவுன் அவள் இலாகா. தரைத்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில், எந்நேரமும் நீராவி வாடை அடிக்கும் துணி அறையில் இரண்டு தையல் மிஷின்கள். ஒன்று ஓடும், இன்னொன்று ஓடுவதற்கு உதிரிபாகம் தரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, பின்பக்கம் முடிச்சுப் போடுகிற அந்த அற்புதமான நோயாளி உடை எல்லாம் அவள் கையில்தான் உயிர் பிழைக்கும். அந்த உடையைக் கண்டுபிடித்தவனுக்கு மனிதகுலத்தின் பின்புறத்தின் மேல் ஏதோ தீராத கோபம் என்பது அவளுடைய முடிவான கருத்து.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் சொந்தக் கடை வைத்திருந்தாள். கடை என்றால் ஒரு மாடிப்படிக்குக் கீழே உள்ள முக்கோணம். நிமிர்ந்தால் தலை இடிக்கும், அதனால் அளவெடுக்க வருகிறவர்கள் தெருவிலேயே நிற்பார்கள். பள்ளிச் சீருடை, ஆலைச் சீருடை, டிரைவர் சட்டை. ரெடிமேட் கடைகள் வந்து அந்த முக்கோணத்தையும் விழுங்கிய பிறகு, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் புருஷன் யாரையோ பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஐம்பது வயதில் முதல் முறையாக, நிமிர்ந்தாலும் தலை இடிக்காத கூரை.

கால் அளக்கிற வேலை மூன்று வருஷம் முன்னால் ஒட்டிக்கொண்டது. பெட்டி பெட்டியாக வெள்ளைக் காலுறைகள் வந்து இறங்கின. முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற வகை. ஆபரேஷன் ஆனவர்களுக்கு மாட்ட வேண்டும், அதற்குக் கெண்டைக்கால் சுற்றளவு தெரிய வேண்டும். நர்சுகளுக்கு ஏற்கெனவே பத்துக் கை வேலை. ஹெட் சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் டேப் பட்டது.

"உன் கழுத்துல சும்மாதானே தொங்குது. நீயே அள."

பயிற்சி எட்டு நிமிஷம் நடந்தது. ஹெட் சிஸ்டர் நடக்கும்போதே பேசுகிறவர், டேப்பக்கா பின்னாலேயே ஓடிக்கொண்டு கேட்டாள்.

"படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் தேங்கும். தேங்கினா உறையும். ஆழத்துல இருக்கற பெரிய குழாய்ல கட்டியா நிக்கும். அது அங்கேயே நின்னா கால் வீங்கும், வலிக்கும். கழண்டு மேல போச்சுன்னா நுரையீரல்ல போய் அடைக்கும். அடைச்சா மூச்சு நிக்கும். புரியுதா?"

"புரியுது சிஸ்டர். யாருக்கு வரும்?"

"வயசானவங்க, குண்டா இருக்கறவங்க, பெரிய ஆபரேஷன் ஆனவங்க, புத்துநோய்க்காரங்க, பிள்ளை பெத்தவங்க, ஏற்கெனவே ஒரு தடவை வந்தவங்க. அப்புறம், நடங்கன்னு சொன்னா நடக்காதவங்க. ரெண்டு காலையும் அளந்து ரெண்டு கட்டத்துலயும் எழுதணும்."

எல்லாம் டேப்பக்காவின் மனதில் ஆணியடித்த மாதிரி பதிந்தது, கடைசி வாக்கியத்தைத் தவிர.

அவளைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு கையை அளந்து இரண்டு கைக்கு வெட்டியவள், ஒரு காலை அளந்து இரண்டு காலுக்கு வெட்டியவள். துணியை மடித்துப் போட்டு ஒரே வெட்டு. கடவுள் மனிதனை நடுவில் மடித்து வெட்டியிருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் உலகத் தையல் தொழில் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, அந்த வார்டில் கட்டில்களைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். வரிசையில் பாதிப் பேருக்கு இடது கால் சுவர்ப்பக்கம். அதை அளக்க வேண்டுமென்றால் நோயாளியின் மேல் ஏறிக் குனிய வேண்டும், குனிந்தால் ஆபரேஷன் ஆன வயிற்றில் முழங்கை படும், பட்டால் சொந்தபந்தமெல்லாம் திட்டும். ஆகவே கைக்கு எட்டின கால் முப்பத்தாறு சென்டிமீட்டர் என்றால் எட்டாத காலும் முப்பத்தாறு. இரண்டு கட்டத்திலும் அழகான கையெழுத்து. மூன்று வருஷத்தில் ஒரு கால் கூட அவளைக் காட்டிக் கொடுக்கவில்லை.

காட்டிக் கொடுத்தது டிரில் டீச்சரின் கால்.

டிரில் டீச்சர் டேப்பக்காவின் நாத்தனார், புருஷனின் கூடப்பிறந்த அக்கா. அறுபத்திமூன்று வயது. முப்பத்திநாலு வருஷம் ஒரு பெண்கள் பள்ளியில் விசில் ஊதியே மற்றவர்களை ஓடவிட்டு ஓய்வு பெற்றவர். இளவயதில் நீளம் தாண்டுவதில் கோப்பை வாங்கியவர், அந்தக் கோப்பையில்தான் இன்றைக்கும் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறார். தம்பி பெண்டாட்டியை அவர் கூப்பிடும் தொனியில், வரிசையிலிருந்து விலகி நிற்கிற மாணவி எவளும் சட்டென்று உள்ளே வந்துவிடுவாள்.

ஒரு காலை நடைப்பயிற்சிக்குப் போனவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்துவிட்டார். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே வயிற்றைத் திறந்து மூன்று மணி நேர ஆபரேஷன். அதற்கு முன் டேப்பக்கா ஓடிவந்து, கைக்கு எட்டின வலது காலை அளந்து, இரண்டு கட்டத்திலும் முப்பத்தைந்து என்று எழுதி, காலுறை மாட்டிவிட்டாள்.

ஊரையே ஓடவைத்த மனுஷி, தான் நடக்க வேண்டி வந்ததும் பலகை மாதிரி படுத்துக்கொண்டார். பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தால், "இப்பத்தான் நடந்துட்டு வந்தேன், நீ பார்க்கலை" என்பார். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றுத் தோலில் தினமும் போடுகிற சின்ன ஊசியை இரண்டு நாள் மறுத்துவிட்டார். வயிறு ஏற்கெனவே தையல் போட்ட மூட்டை மாதிரி இருக்கிறதாம், அதில் இன்னும் ஓட்டை எதற்காம். "நோயாளி மறுத்தார்" என்று நர்ஸ் எழுதிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் ஒரு வசதி, எதை எழுதிவிட்டாலும் அது முடிந்த காரியமாகிவிடும்.

ஐந்தாம் நாள் காலை, சுத்தமான கவுன் கொடுக்க வந்த டேப்பக்கா நாத்தனாரின் இடது காலுறையைக் கவனித்தாள். முழங்காலுக்குக் கீழே சுருண்டு, கயிறு கட்டின மாதிரி சதைக்குள் புதைந்திருந்தது. வலது காலுறை ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது.

"அண்ணி, இது இறுக்குதா?"

"நீ குடுத்ததுதானே? இறுக்காம என்ன செய்யும்? உன் தையலே அப்படித்தான்."

"வலிக்குதா?"

"சும்மா தசைப்பிடிப்பு. இதுக்கெல்லாம் முகத்தை அப்படி வெச்சுக்காதே. நாளைக்கு டிஸ்சார்ஜ். நாளன்னிக்கு ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் மீட், நான்தான் விசில் ஊதித் தொடங்கி வைக்கணும். நோட்டீஸ்லயே போட்டுட்டாங்க."

டேப்பக்கா கட்டிலைப் பிடித்துச் சுவரிலிருந்து இழுத்தாள். சக்கரம் கிறீச்சிட்டது. காலுறையைக் கணுக்கால் வரை உருட்டி இறக்கி, மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒரு சுவர்ப்பக்கக் காலைச் சுற்றி டேப்பை விட்டாள். முப்பத்தெட்டரை. தகடு போன முனையைச் சந்தேகப்பட்டு மறுபடி அளந்தாள். முப்பத்தெட்டரை. வலது கால் அதே முப்பத்தைந்து. தொட்டால் இடது கால் சூடாகவும், பளபளவென்று இழுத்துக்கட்டின மாதிரியும் இருந்தது.

டியூட்டி டாக்டரைத் தேடி ஓடினாள்.

டியூட்டி டாக்டர் வாட்டசாட்டமான இளைஞர், தாடி வளர்ப்பதா எடுப்பதா என்று தீர்மானிக்க நேரமில்லாதவர். அவர் வந்து கெண்டைக்காலை மெல்ல அழுத்தினார். டிரில் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, "வலிக்கலை" என்றார். அழுத்தின இடத்தில் விரல் தடம் குழியாக நின்றது.

"இது எப்ப வீங்கினது?"

"வீக்கமே இல்ல டாக்டர். என் இடது கால் எப்பவுமே பெருசு. நான் லாங் ஜம்ப்காரி. உந்தித் தாண்டற கால் அது. இருபது வருஷம் அதுலதான் தாண்டினேன். சதை ஏறிப்போச்சு."

டாக்டர் தாளைப் புரட்டினார். "வந்த அன்னிக்கு ரெண்டும் முப்பத்தஞ்சுன்னு இருக்கே?" டேப்பக்காவைப் பார்த்தார். "நீங்கதானே அளந்தீங்க? ரெண்டையும் அளந்தீங்கல்ல?"

ஒரே ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. அந்த வார்த்தையில் வேலையும் தப்பிக்கும், அண்ணியின் காலும் ஸ்கேனுக்குப் போகும். இவ்வளவு லாபமான பொய் வாழ்க்கையில் ஒருமுறைதான் எதிரே வந்து நிற்கும்.

"ஆமா டாக்டர்" என்றாள்.

"அப்ப அஞ்சு நாள்ல மூணரை சென்டிமீட்டர். இது சும்மா இல்ல." அவர் ஸ்கேன் சீட்டை எடுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"பொய்!" என்றார் டிரில் டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல். எதிர்க்கட்டில் அம்மாள் குடித்துக்கொண்டிருந்த டீயை மேலே சிந்திக்கொண்டார். "இவ இந்தப் பக்கத்துக் காலை மட்டும்தான் அளந்தா. அந்தப் பக்கம் எட்டியே பார்க்கலை. என் கண்ணால பார்த்தேன். என் தம்பி பெண்டாட்டின்னு நான் பொய்யா சொல்லுவேன்?"

ஹெட் சிஸ்டருக்கு ஒரு விசேஷ குணம். யாருக்காவது மானம் போகிற நொடியில் சரியாக வாசலில் நிற்பார். அன்றைக்கும் நின்றார்.

"என்ன இது?"

வார்டில் இருபத்திரண்டு கட்டில், அத்தனையும் அவளைப் பார்த்தன. டேப்பக்கா தலை குனிந்தபடியே சொன்னாள்.

"ஒரு காலைத்தான் அளந்தேன் சிஸ்டர். எல்லாருக்கும் அப்படித்தான். தையல்ல அப்படித்தான் பழக்கம்."

"எல்லாருக்குமா? மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா."

ஹெட் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மனதுக்குள் கால்களை எண்ணுகிறார் என்று தெரிந்தது. டாக்டர் பேனாவின் மூடியைப் போட்டார்.

"அப்ப முதல் நாள் இடது கால் எவ்வளவு இருந்துச்சுன்னே தெரியாது. இவங்க சொல்ற மாதிரி எப்பவுமே பெருசா இருக்கலாம். ஸ்கேன்ல இன்னிக்கு லிஸ்ட் நிரம்பி வழியுது, காரணமில்லாம நடுவுல நுழைச்சா என்னைக் கடிச்சுக் குதறிடுவாங்க. நாளைக்குப் பார்ப்போம்."

"ரத்தப் பரிசோதனை எதாவது…" என்றார் ஹெட் சிஸ்டர்.

"கட்டி இருக்கான்னு பார்க்கற ரத்தப் பரிசோதனை ஒண்ணு இருக்கு சிஸ்டர். ஆனா ஆபரேஷன் ஆன யாருக்கு எடுத்தாலும் அது ஏறித்தான் இருக்கும். இல்லைன்னு சொன்னா நம்பலாம், ஆமான்னு சொன்னா பிரயோஜனமில்ல."

டிரில் டீச்சர் வெற்றிப் புன்னகையோடு தலையணையில் சாய்ந்தார். சாய்ந்தபோது லேசாக முகம் சுளித்ததை டேப்பக்கா பார்த்தாள். நாளைக்கு என்ற சொல் அவள் காதில் சுற்றிக்கொண்டிருந்தது. கூடவே ஹெட் சிஸ்டர் அன்றைக்குச் சொன்னதும்: கழண்டு மேல போச்சுன்னா. தன் மேல் இருந்த கோபத்தில் பாதியை அவள் நாத்தனார் பக்கம் தள்ளிவிட்டாள், அப்போதுதான் மூளை வேலை செய்தது. கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் அண்ணி ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தபோது போட்டிருந்த துணி.

பையிலிருந்து நீல நிற டிராக் பேன்ட்டை உருவினாள். பக்கத்தில் வெள்ளைக் கோடு, கீழே ஒடுங்கின கால்கள்.

"டாக்டர், இது நான் தச்சது. இந்தப் பேன்ட்டைத்தான் இவங்க அஞ்சு நாள் முன்னாடி போட்டுக்கிட்டு வந்தாங்க."

"அதுக்கு?"

"எலாஸ்டிக் துணி இல்ல, ஒரு நூல்கூட இழுபடாது. மடிச்சுப் போட்டு ஒரே வெட்டு, ரெண்டு காலும் ஒரே அளவு. அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்துச்சு, இப்ப அதுவே சாட்சி." அவள் பேன்ட்டின் இடது காலைப் பரப்பி, கெண்டைக்கால் வருகிற இடத்தை அளந்து, இரட்டித்துச் சொன்னாள். "சுத்தளவு முப்பத்தேழுக்குக் கொஞ்சம் குறைவு. இப்ப இந்தக் கால் முப்பத்தெட்டரை. இதுக்குள்ள நுழையவே நுழையாது. அப்ப அன்னிக்கு எப்படிப் போட்டுக்கிட்டு வந்தாங்க?"

டிரில் டீச்சர் பேன்ட்டைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"போட்டுப் பார்க்கலாமே" என்றார் எதிர்க்கட்டில் அம்மாள், டீயைத் துடைத்துக்கொண்டே.

டேப்பக்கா அண்ணியின் வலது பாதத்தை நுழைத்தாள். துணி வழுக்கிக்கொண்டு முழங்கால் வரை போனது. இடது பாதத்தை நுழைத்தாள். கணுக்காலைத் தாண்டி நான்கு விரற்கடை ஏறிய துணி, அங்கேயே நின்றுவிட்டது.

"போதும், இழுக்காதீங்க!" டாக்டர் அவள் கையைப் பிடித்தார். "உள்ள கட்டி இருந்தா இப்படி இறுக்கி இழுக்கக்கூடாது, கழண்டுடும்." அவர் பேனா மூடியைக் கழற்றினார். இந்த முறை மூடி தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது, அவர் எடுக்கவில்லை. "சிஸ்டர், இப்பவே ஸ்கேனுக்கு. நான் நேர்ல போய்ச் சொல்றேன். நடக்க வைக்காதீங்க, டிராலி."

"காரணம்னு என்ன எழுதுவீங்க?" என்றார் ஹெட் சிஸ்டர்.

"பேன்ட் பத்தலைன்னு எழுதறேன்" என்று டாக்டர் ஓடினார்.

ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண் வழுவழுப்பான பசையைத் தொடை மடிப்பிலிருந்து தடவி, கருவியை வைத்து அழுத்தி அழுத்திக் கீழே இறங்கினார். அவர் சளைக்காமல் பேசுகிறவர்.

"பாருங்க, இது நல்ல குழாய். அழுத்தினா தண்ணி பைப்பை மிதிச்ச மாதிரி சப்பையாயிடும். இதோ சப்பை. இதோ சப்பை." முழங்காலுக்கு மேலே வந்ததும் பேச்சு நின்றது. மறுபடி அழுத்தினார். திரையில் அந்தக் கறுப்பு வட்டம் அசையவில்லை. முழங்காலுக்குப் பின்னாலும் அசையவில்லை.

"அழுத்தறேன், மடங்கலை" என்றார் மெதுவாக. "உள்ள அடைச்சிருக்கு."

தலைமாட்டில் நின்றிருந்த டேப்பக்காவின் மணிக்கட்டை ஒரு கை இறுகப் பிடித்தது. கோப்பை வாங்கின கை.

"ஏம்மா" என்றார் டிரில் டீச்சர், இதுவரை அவரிடம் யாரும் கேட்டிராத சின்னக் குரலில். "நான் செத்துப்போயிடுவேனா?"

"ஆபரேஷனே பண்ணிட்டாங்க, இதுக்குப் போயா சாவீங்க? மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப கட்டி கால்லயேதான் இருக்கு. அங்கேயே நிக்கச் சொல்லுங்க. உங்க பேச்சை மீறி எது நகர்ந்திருக்கு?"

அன்று மதியமே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி முழு அளவில் தொடங்கியது. வயிற்றுத் தையல் புதிது, உள்ளே ரத்தம் கசியக்கூடாது என்று ஆபரேஷன் டாக்டரும் டியூட்டி டாக்டரும் அரைமணி நேரம் வாதாடி அளவை முடிவு செய்தார்கள். இடது காலுறையைக் கழற்றிவிட்டார்கள். சில நாளில் ஊசிக்குப் பதில் மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். "மருந்து கட்டியைக் கரைக்காது, வளராம நிறுத்தும். கரைக்கறது உங்க உடம்போட வேலை. பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தா, மலம் கறுத்தா, மூச்சு வாங்கினா உடனே வரணும்" என்றார் டாக்டர். மருந்து பிடித்ததும் நடக்கச் சொன்னார்கள். இம்முறை பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் யாரும் கதை விடவில்லை.

பார்வையாளர் நேரத்தில் டேப்பக்காவின் புருஷன் கையில் கிரீஸ் வாடையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்: "ரெண்டாவது பிரசவத்துக்கப்புறமும் இதே மாதிரிதானே அக்கா வீங்கிச்சு? ஒரு மாசம் ஊசி போட்டாங்களே. நான்தான சைக்கிள்ல கூட்டிட்டுப் போனேன்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஃபாரத்துல முன்னாடி வந்திருக்கான்னு கேட்டிருக்கோமே. இல்லைன்னு எழுதியிருக்கீங்க!"

"ரத்தக்கட்டி வந்திருக்கான்னு கேட்டிருந்துச்சு. எனக்கு வந்தது வீக்கம்" என்றார் டிரில் டீச்சர். "கேள்வியை ஒழுங்காக் கேளுங்க."

ஸ்போர்ட்ஸ் மீட் அவரில்லாமலே நடந்தது. விசில் சரியாக ஊதவில்லையாம், அவருக்கு அதில் பரம திருப்தி.

டேப்பக்காவின் தீர்ப்பை ஹெட் சிஸ்டர் மறுநாள் காலை சொன்னார். எழுத்தில் விளக்கம், எச்சரிக்கைக் கடிதம், ஒரு மாதத்துக்கு நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க அளப்பது. வேலை போகவில்லை. "உன்னை அனுப்பிட்டா மறுபடி எட்டு நிமிஷம் எவளுக்குச் சொல்லிக் குடுக்கறது?" என்றார். பிறகு கட்டில்களைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப்போட உத்தரவிட்டார், அது தனக்கே மூன்று வருஷம் முன் தோன்றியிருக்க வேண்டும் என்ற எரிச்சலோடு. இருபத்திரண்டு பேருக்கும் நாற்பத்துநாலு காலையும் டேப்பக்கா புதிதாக அளந்தாள். அண்ணியைத் தவிர இன்னும் மூன்று பேருக்குக் கால்கள் வித்தியாசம். ஒருவருக்குப் பழைய எலும்பு முறிவு, ஒருவருக்குப் பிறவியிலேயே அப்படி, ஒருவருக்குக் காரணமே இல்லை. மனிதனை யாரும் மடித்து வெட்டவில்லை என்று அவளுக்கு ஐம்பத்துமூன்று வயதில் தெரியவந்தது.

மூன்று மாதம் கழித்து டிரில் டீச்சர் பரிசோதனைக்கு வந்தார், நடந்தே. ஸ்கேனில் குழாய் திறந்திருந்தது. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று டாக்டர் யோசித்தார், இரண்டாவது தடவை என்பதால் பெரிய டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். டேப்பக்கா குனிந்து டேப்பைச் சுற்றினாள். வலது முப்பத்தைந்து. இடது முப்பத்தாறு.

"வீக்கத்தோட மிச்சம் கொஞ்சம் இருக்கலாம்" என்றார் டாக்டர்.

"மிச்சமும் இல்ல, சொச்சமும் இல்ல. லாங் ஜம்ப் கால். அன்னிக்கே சொன்னேன், எவன் கேட்டான்?" டிரில் டீச்சர் தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "எழுதுடி. ரெண்டு கட்டத்துலயும் தனித்தனியா எழுது. அப்புறம் அந்த நீலப் பேன்ட்ல இடது காலை அரை இஞ்சு பிரிச்சு விடு. ஒரு காலை அளந்து தச்சுட்டு, இத்தனை வருஷமா என்னை இறுக்கியிருக்கே நீ."

டேப்பக்கா எழுதினாள். முப்பத்தைந்து. முப்பத்தாறு. பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "பேன்ட்டைக் கொண்டுவந்து குடுங்க அண்ணி" என்றாள், "ஆனா பிரிக்கறதுக்கு முன்னாடி அதோட வலது காலையும் ஒரு தடவை அளந்துக்கறேன்."